கீழ்மலையில் எரிபொருள் பயிர் நடலாமா?

கேள்வி இது. பழனி மலையின் தாழ்ந்த பகுதியான கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம் நான்கு ஏக்கர் நிலம். ஆள் கிடைக்காததால் அதில் இரண்டு ஏக்கர் காபி கவனிப்பில்லாமல் கிடக்கிறது. ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து, "மரபணு மேம்படுத்திய" காட்டாமணக்கு நாற்றும் திசு வளர்ப்பு மூங்கில் நாற்றும் தருகிறோம், பாதிப் பணத்தை முன்னால் கட்டுங்கள், விளைவதை டீசலுக்கும் எத்தனாலுக்கும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். அப்பாவுக்கு ஆசை, மகனுக்குத் தயக்கம். இதை நம்பலாமா, எரிபொருள் பயிர்களில் உயிரித் தொழில்நுட்பம் உண்மையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அந்தத் தம்பி கேட்கிறார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டாமணக்கு நட வேண்டாம். உங்கள் இடத்தில் மூங்கிலும் வேண்டாம். அதற்காக உயிரித் தொழில்நுட்பம் ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அது நிறையச் சாதித்திருக்கிறது. மனிதன் நெடுங்காலம் பழக்கிய பயிர்களிலும், அந்தப் பயிரை எரிபொருளாக மாற்றும் நுண்ணுயிர்களிலும்தான் அந்தச் சாதனை பெரும்பாலும் நடந்திருக்கிறது. காட்டுச் செடியை எடுத்துத் தரிசில் நட்டால் எண்ணெய் கொட்டும் என்ற கணக்கில் அது உதவவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அப்பாவிடம் பேசும்போது உங்களுக்குக் காரணங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதலில், அவர்கள் தருவது என்ன நாற்று? இந்தியாவில் மரபணு மாற்றிய பயிர் எதையும் வெளியில் நட வேண்டுமானால் 1989ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அனுமதி தர வேண்டும். அப்படி அனுமதி பெற்று விவசாயிகள் கைக்கு வந்தது 2002இல் பி.டி. பருத்தி. கடுகுக்கு 2022இல் கிடைத்த அனுமதி உச்ச நீதிமன்றத்தில் சிக்கியது. மரபணுத் திருத்தம் என்ற இன்னொரு முறை உண்டு. வெளியிலிருந்து அந்நிய மரபணுவைச் சேர்க்காமல், செடியின் சொந்த மரபணுவில் ஓரிரு எழுத்தை மாற்றுவது. இந்த வகைக்கு 2022இல் விதிகள் தளர்த்தப்பட்டு, 2025 மே மாதம் இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. இந்தப் பட்டியலில் காட்டாமணக்கு எங்கும் கிடையாது. ஆகவே உண்மையிலேயே மரபணு மாற்றிய காட்டாமணக்கு என்றால் அது சட்டவிரோதம். மாற்றாத நாற்று என்றால், நல்ல தாய்ச்செடியிலிருந்து பதியம் போட்டதாகவோ திசு வளர்ப்பில் பெருக்கியதாகவோ இருக்கும். திசு வளர்ப்பில் தாய்ச்செடியின் நகல்தான் கிடைக்கும். தாய் நன்றாக இருந்தால் பிள்ளை நன்றாக இருக்கும். தாயிடம் இல்லாத குணம் எதையும் ஆய்வகக் குடுவை தராது. எனவே நீங்கள் கேட்க வேண்டியது தாயைப் பற்றி: அந்தத் தாய்ச்செடி எங்கே நின்றது, எத்தனை வருடம் எவ்வளவு காய்த்தது என்று.

காட்டாமணக்கின் கதை நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் பாதி தெரியும். திட்டக் குழு அமைத்த உயிரி எரிபொருள் குழு 2003இல், 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் தாவர எண்ணெய் டீசல் கலக்கலாம், அதற்குக் காட்டாமணக்குதான் வழி என்றது. தமிழ்நாட்டிலும் தரிசு நிலங்களில் ஒப்பந்த முறையில் நட்டார்கள். ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், மூன்றாம் வருடத்திலிருந்து பணம் என்று சொல்லப்பட்டது. செடி உயிரோடு இருந்தது உண்மை. ஆனால் காய்க்கவில்லை. வறட்சியில் உயிர் பிழைப்பது வேறு, வறட்சியில் விளைச்சல் தருவது வேறு. தண்ணீர் இல்லாதபோது செடி இலையைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கும். அதுதான் அதன் வறட்சி தாங்கும் வழி. இலை இல்லாத நாட்களில் எண்ணெய் எங்கிருந்து வரும்?

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. காட்டாமணக்கு நம் செடி அல்ல. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பக்கத்துச் செடி. போர்த்துகீசியக் கப்பல்களில் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்தது. வந்தது சில விதைகளாகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால், டி.என்.ஏ.வில் செடிக்குச் செடி மாறும் அடையாளங்களான மூலக்கூறுக் குறியீடுகளை வைத்து ஆராய்ந்தபோது இந்தியா, ஆப்பிரிக்கா, சீனாவில் உள்ள செடிகளுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவு என்று தெரிந்தது. நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து விதை சேகரித்து, "எங்களிடம் இத்தனை ரகம்" என்று சொன்னவர்களிடம் இருந்தது பெரும்பாலும் ஒரே செடியின் நகல்கள். வேறுபாடு இல்லாத இடத்தில் தேர்வு செய்ய எதுவும் இல்லை. இது லட்சக்கணக்கில் நாற்று நட்ட பிறகு தெரிந்திருக்க வேண்டிய விஷயமா? நடுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது. எனக்கு இதில்தான் மிகவும் வருத்தம். குறியீடுகளை வைத்து அளக்கும் கருவி அப்போதே ஆய்வகங்களில் இருந்தது. அதைப் பயன்படுத்துவதற்கு முன்னால் திட்டம் ஓடிவிட்டது.

பிறகு ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. ஜப்பானின் கசூசா டி.என்.ஏ. ஆய்வு நிறுவனம் 2011இல் காட்டாமணக்கின் மரபணுத் தொகுதியை, அதாவது அதன் மரபணுக்களின் முழு வரைபடத்தை, வெளியிட்டது. சிங்கப்பூரில் டெமாசெக் ஆய்வகத்தார் 2012இல் ஒரு மரபணுவை அடக்கி, எண்ணெயில் ஒலீயிக் அமிலத்தை 78 சதவீதத்துக்கு மேல் உயர்த்தினார்கள். ஒலீயிக் அதிகமானால் டீசல் சீக்கிரம் கெட்டுப்போகாது, என்ஜினுக்கும் நல்லது. மெக்சிகோவில் நஞ்சில்லாத காட்டாமணக்கும் உண்டு. அதன் பிண்ணாக்கைப் பதப்படுத்தி மாட்டுக்குத் தரலாம் என்பதால் அந்தக் குணத்தைக் கலப்பில் கொண்டுவர முயன்றார்கள். எல்லாம் நல்ல அறிவியல். ஆனால் விவசாயியின் பிரச்சினை எண்ணெயின் தரத்தில் இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மானாவாரியில் ஏக்கருக்கு 400 கிலோ விதை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விதையில் எண்ணெய் 32 சதவீதம் என்றால் 128 கிலோ. செக்கில் முழுதாக வராது, அது போகட்டும். உயிரித் தொழில்நுட்பத்தால் எண்ணெயை 40 சதவீதமாக உயர்த்தினாலும் கூடுதலாக வருவது 32 கிலோ. ஆனால் பறிக்கும் கூலி அப்படியே இருக்கிறது. காட்டாமணக்கில் ஒரே குலையில் ஒரு காய் பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று கருப்பு. ஒரே தடவையில் பறிக்க முடியாது. பூங்கொத்தில் ஆண் பூக்கள்தான் மிக அதிகம், காயாகிற பெண் பூ மிகக் குறைவு. ஆகவே மாற்ற வேண்டியவை பூவின் பால் விகிதமும், காய் ஒன்றாகப் பழுப்பதும், செடியின் உயரமும். சைட்டோகைனின் வகை வளர்ச்சி ஊக்கியைத் தெளித்தால் பெண் பூ கூடுகிறது என்று சீனாவில் காட்டினார்கள். எந்த மரபணுக்கள் வழியாக அது நடக்கிறது என்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நெல்லிலும் கோதுமையிலும் இந்த வேலையை நம் முன்னோர்கள் பல ஆயிரம் வருடம் செய்தார்கள். காட்டாமணக்கில் அது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்றுதானே காபியையே விட்டீர்கள்? அதே நிலத்தில் பல தடவை பறிக்க வேண்டிய, அதுவும் நஞ்சுள்ள ஒரு காயை நடுவதில் என்ன பொருள்?

உயரமும் ஒரு தடை. காட்டாமணக்கு சூடான சமவெளிச் செடி. தாண்டிக்குடியில் வளர்ந்துவிடும், ஆனால் மேகமூட்டத்திலும் குளிரிலும் காய்ப்பு இன்னும் குறையும். பழனி மலையின் உயர்ந்த பகுதியான மேல்மலையில், மன்னவனூர், பூம்பாறைப் பக்கம், மார்கழிப் பனி விழுந்தால் செடியே கருகிவிடும். புங்கத்துக்கும் இதே நிலைதான். அது நம் மண்ணின் மரம், வேர்முண்டில் நைட்ரஜனைப் பிடிக்கிறது, விதையில் எண்ணெய் நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் இடம் கீழே வாய்க்கால் ஓரமும் சாலை ஓரமும்.

சரி, எங்கே வென்றது? கரும்பில். 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் அறிவியலாளர்கள் பார்பரும் வெங்கடராமனும் "வெள்ளை" என்ற நாட்டுக் கரும்பை ஆற்றோர நாணல் போன்ற காட்டுக் கரும்போடு கலந்தார்கள். 1918இல் வெளிவந்த கோ 205 என்ற ரகம் அந்தக் கலப்பின் பிள்ளை. தடித்த கரும்பின் சர்க்கரையும் காட்டுக் கரும்பின் வேரும் முரட்டுத்தனமும் ஒன்றில் சேர்ந்தன. உலகத்தில் இன்று விளையும் கரும்பில் பெரும்பகுதிக்கு இந்தக் கலப்பு வழி வம்சம் உண்டு. இன்று "எரிசக்திக் கரும்பு" என்று பேசுகிறார்களே, அதுவும் இதே கலப்புதான், காட்டுக் கரும்பின் பங்கைக் கூட்டி, சர்க்கரையைவிட நாரை அதிகம் தரும்படி திருப்பியது. 2017இல் பிரேசில் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் மரபணு மாற்றிய கரும்புக்கு அனுமதி தந்தது. கரும்பின் மரபணுத் தொகுதி படு சிக்கலானது, ஒவ்வொரு குரோமோசோமும் பத்துப் பன்னிரண்டு பிரதிகளாக இருக்கும். அதைப் படித்து முடித்து 2024இல்தான் வெளியிட முடிந்தது. அமெரிக்காவில் இலையிலும் தண்டிலும் எண்ணெய் சேர்க்கும் கரும்பை உருவாக்கியிருக்கிறார்கள். சாறு எத்தனாலுக்கு, எண்ணெய் டீசலுக்கு என்று ஒரே பயிரில் இரண்டையும் எடுக்கும் எண்ணம். நூறு வருடம் ஒரு பயிரை அறிந்த பிறகு அதன் மேல் மரபணு வேலை செய்வதால்தான் இதெல்லாம் நடக்கிறது.

மக்காச்சோளத்தில் நடந்தது இன்னும் நேரடியானது. சோள மாவை எத்தனாலாக்க முதலில் அமிலேஸ் என்ற நொதியை ஊற்றி மாவுச்சத்தைக் கரைக்க வேண்டும். அந்த நொதியை விதையே உற்பத்தி செய்யும்படி மாற்றிய மக்காச்சோளத்துக்கு அமெரிக்கா 2011இல் அனுமதி தந்தது. சூட்டைத் தாங்கும் நுண்ணுயிரிலிருந்து எடுத்த மரபணு. ஆலைக்குச் செலவு மிச்சம். ஆனால் மாவு ஆலைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இந்தச் சோளம் கொஞ்சம் கலந்துவிட்டாலே தின்பண்டத்துக்கான மாவு கரைந்து கெட்டுவிடும் என்பது அவர்கள் பயம். எரிபொருளுக்கான பயிரும் சாப்பாட்டுக்கான பயிரும் ஒரே செடியாக இருந்தால் இந்தத் தலைவலி எப்போதும் இருக்கும். நம் பக்கத்திலும் பாருங்கள், ஒட்டன்சத்திரம், பழனி வட்டாரத்துச் சோளத்துக்கு இதுவரை கோழித் தீவனக்காரர்கள்தான் முக்கிய வாடிக்கை. இப்போது எத்தனால் ஆலைகளும் வரிசையில் நிற்கின்றன. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை நாடு 2025இல் எட்டியதில் மக்காச்சோளத்துக்குப் பெரிய பங்கு. விவசாயிக்கு விலை கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது அடிவாரத்துக்கான பயிர். தாண்டிக்குடிச் சரிவில் உழுது சோளம் போட்டால் இரண்டு மழையில் மேல்மண் மருதாநதி அணைக்குப் போய்விடும்.

மரத்தையும் வைக்கோலையும் எத்தனாலாக்குவதில் தடை லிக்னின். செடியின் செல் சுவரில் செல்லுலோஸ் செங்கல் என்றால் லிக்னின் அதைப் பிடித்து நிற்கும் சுண்ணாம்புப் பூச்சு. செங்கல் முழுக்கச் சர்க்கரை, ஆனால் பூச்சை உடைக்காமல் நொதி உள்ளே போக முடியாது. அதனால் லிக்னினைக் குறைத்த மரங்களை உருவாக்கினார்கள். பெல்ஜியத்தில் 2009இல் அப்படிப்பட்ட பாப்லர் மரங்களைத் திறந்த வெளியில் நட்டுப் பார்த்தார்கள். மரத்திலிருந்து கிடைத்த எத்தனால் நன்றாகவே கூடியது, ஆனால் மரத்தின் வளர்ச்சி குன்றியது. மரத்தை நிமிர்த்தி நிறுத்துவதும் தண்ணீரை உச்சிக்குக் கொண்டுபோவதும் லிக்னின்தானே. இப்போது லிக்னினைக் குறைக்காமல், எளிதில் உடையும் இணைப்புகளை அதற்குள்ளேயே வைக்கும் வழியை முயல்கிறார்கள். எனக்கு இந்த வழியில் நம்பிக்கை அதிகம்.

இங்கே மலைக்காரர்களாகிய நாம் நின்று யோசிக்க வேண்டிய மரம் ஒன்று இருக்கிறது. யூகலிப்டஸ். நீலகிரிக்காரர்கள் கற்பூர மரம் என்பார்கள். 2014இல் அதன் மரபணுத் தொகுதி வெளியானது. 2015இல் 20 சதவீதம் அதிகமாக மரம் தரும் என்று சொல்லப்பட்ட மரபணு மாற்றிய யூகலிப்டஸுக்குப் பிரேசில் அனுமதி தந்தது. வேகமாக வளரும் விறகு மரம், எரிசக்திக்கு ஏற்றது, மலையில் நன்றாக வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஊட்டிக்குப் பக்கத்தில் கிளன்மார்கனில் உதகமண்டலம் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் பாதிக்கு மேல் கற்பூர மரம் நட்டு, பல ஆண்டுகள் ஓடையில் தண்ணீரை அளந்தார்கள். முதல் சுழற்சியில் ஆண்டு நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி, அடிக்கட்டையிலிருந்து தழைத்த இரண்டாம் சுழற்சியில் சுமார் 25 சதவீதம். கோடையில் ஓடும் ஊற்றுநீரும் குறைந்தது. வேகமாக வளரும் மரம் வேகமாகத் தண்ணீர் குடிக்கிறது, அவ்வளவுதான். வளர்ச்சியை இன்னும் 20 சதவீதம் கூட்டினால் அந்தத் தண்ணீரும் எங்கிருந்தோ வர வேண்டும். பழனி மலையின் ஓடைகள் மருதாநதிக்கும் பரப்பலாறுக்கும் வரதமாநதிக்கும் குதிரையாறுக்கும் போகின்றன. மலையில் நடும் ஒவ்வொரு மரமும் அடிவாரத்து ஆயக்கட்டுக்காரர்களின் கணக்கிலும் வருகிறது. எரிபொருள் பயிர் பற்றிப் பேசுகிறவர்கள் ஏக்கருக்கு எத்தனை டன் என்று சொல்வார்கள். ஒரு டன்னுக்கு எவ்வளவு தண்ணீர் என்று அவர்களிடம் கேளுங்கள்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. உரம் வேண்டாம், பூச்சி தாக்காது, வெட்ட வெட்டத் தழைக்கும், எந்த மண்ணிலும் வரும்: நல்ல எரிபொருள் பயிரின் இந்தக் குணங்கள்தான் கெட்ட களையின் குணங்களும். உண்ணிச்செடி, வாட்டில் என்கிற சீகை, மஞ்சள் கொன்றை என்று நம் மலைகள் ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கின்றன. மேல்மலையில் புல்வெளியின் பெரும்பகுதியை வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும் மூடியிருப்பதைப் பூம்பாறை தாண்டிப் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். மேற்கு ஆஸ்திரேலியா 2006இல் காட்டாமணக்கைக் களை என்றே தடை செய்தது. இங்கே உயிரித் தொழில்நுட்பம் நல்ல பதில் ஒன்று வைத்திருக்கிறது: மலட்டுச் செடி. ஐரோப்பாவில் எரிசக்திக்கு வளர்க்கும் பெரிய மிஸ்காந்தஸ் புல் மும்மடியம், அதாவது குரோமோசோம் மூன்று தொகுதி. விதை பிடிக்காது. கிழங்கைப் பிரித்து நட்டால்தான் பரவும். குளிரிலும் ஒளிச்சேர்க்கையை நிறுத்தாத புல் அது. அதைக் கரும்போடு கலந்து குளிர் தாங்கும் கரும்பை உருவாக்கும் முயற்சியும் நடக்கிறது. எப்போதாவது மலைக்கு ஒரு எரிபொருள் பயிர் வருமானால் அது இந்த வழியில், விதை பரப்பாத செடியாகத்தான் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்புறம் நுண்ணுயிர்கள். இந்தத் துறையில் செடியைவிட வேகமாக மாறியது இவைதான். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணிகள் மக்கிப்போயின. காரணமான பூஞ்சையைப் பிரித்தெடுத்தார்கள். டிரைக்கோடெர்மா ரீசை என்ற அந்தப் பூஞ்சையின் வம்சம்தான் இன்று வைக்கோலைச் சர்க்கரையாக்கும் நொதிகளைத் தொழிற்சாலை அளவில் தருகிறது. சாதாரண ஈஸ்ட் குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளைச் சாராயமாக்கும். மரத்திலும் வைக்கோலிலும் நிறைய இருக்கும் சைலோஸ் என்ற சர்க்கரையைத் தொடாது. அதற்கு வேறொரு பூஞ்சையின் மரபணுவைக் கொடுத்து அதையும் சாப்பிட வைத்தார்கள். பானிபட்டில் 2022 ஆகஸ்டில் தொடங்கிய ஆலை நெல் வைக்கோலிலிருந்து நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் எத்தனால் எடுக்கும் திறனோடு கட்டப்பட்டது. அசாமில் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எடுக்கிறார்கள். உங்களிடம் மூங்கில் விற்க வந்தவர்கள் அநேகமாக அந்த ஆலையைத்தான் காட்டியிருப்பார்கள். அசாம் ஆலைக்குப் பழனி மலையிலிருந்து மூங்கில் போகாது. லாரி வாடகையே மூங்கிலின் விலையைத் தின்றுவிடும். எரிபொருள் பயிர் என்பது பருமன் அதிகம், விலை குறைவு. ஆலை பக்கத்தில் இருந்தால் பயிர், இல்லாவிட்டால் விறகு.

மூங்கிலில் உங்கள் ஊருக்கே உரிய ஆபத்து இன்னொன்று. கே.சி.பட்டி, பாச்சலூர், பெரும்பாறைப் பக்கம் யானை நடமாட்டம் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஏக்கர் இளம் மூங்கில் என்பது யானைக்கு விரித்த இலை. சேதம் உங்கள் காட்டோடு நிற்காது. பக்கத்துத் தோட்டத்து வாழைக்கும் சேரும்.

மலைக்கு இந்த அறிவியலால் பயன் இல்லையா என்றால், உண்டு, நம் கண்முன்னே நடந்தது. விருப்பாச்சி, சிறுமலை வாழையை முடிக்கொத்து நோய் கீழ்மலையில் எப்படித் துடைத்தெடுத்தது என்று உங்கள் தாத்தா காலத்து ஆட்களைக் கேட்டால் தெரியும். அசுவினி பரப்பும் வைரஸ் அது. நோய் பிடித்த தாய்மரத்துக் கன்றை எடுத்து நட நட, நோயும் கூடவே வந்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தார் வைரஸ் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் சோதித்து, சுத்தமான தாயிலிருந்து திசு வளர்ப்பில் கன்று உருவாக்கித் தந்த பிறகுதான் மலைவாழை மறுபடி தலைதூக்கியது. பஞ்சாமிர்தத்துக்கான பழம் அப்படித்தான் திரும்பி வந்தது. புதிதாக ஒரு மரபணுவும் சேர்க்கவில்லை. இங்கே பல தலைமுறையாக நின்ற பயிர், அதன் குறை என்ன என்று தெளிவாகத் தெரிந்தது, அந்தக் குறைக்கு மட்டும் மருந்து. காட்டாமணக்கில் இது மூன்றும் இல்லை.

எரிபொருள்தான் வேண்டும் என்றால் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. காபிப் பழத்தைத் தோல் உரிக்கும் இயந்திரமான பல்ப்பரில் போட்டால் பழத்தின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் தோலும் சதையுமாக வெளியே வருகிறது. அதைக் குவித்து வைத்தால் நாற்றம், கழுவிய நீர் ஓடையில் கலந்தால் கேடு. சாணத்தோடு சேர்த்துச் சாண எரிவாயுக் கலனில் போட்டால் எரிவாயு. இரண்டு கன மீட்டர்க் கலன் ஒரு குடும்பத்தின் சமையலுக்குப் போதும், அதற்கு நாளுக்கு 50 கிலோ சாணம் வேண்டும். மாடு குறைவாக இருந்தால் அந்தக் குறையைப் பழத்தோலும் வீட்டுக் கழிவும் ஓரளவு நிரப்பும். தாண்டிக்குடிக் குளிர் இதற்குத் தொந்தரவு இல்லை. மேல்மலையில்தான் மார்கழி, தை மாதங்களில் மீத்தேன் நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும். அதற்கும் வழி தேடப்பட்டிருக்கிறது: பனிமலையில் காவல் இருக்கும் ராணுவத்தினரின் கழிவறைகளுக்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் குளிர் தாங்கும் நுண்ணுயிர்க் கலவையை உருவாக்கியது. ரயில்களில் இப்போது இருக்கும் உயிரிக் கழிவறைகளுக்கும் அடிப்படை அதுதான். கொடைக்கானல் காய்கறிக் கழிவுக்கு அந்த மாதிரிக் கலவையை வைத்துச் சோதனை செய்தால் மேல்மலைக்கு எந்த எரிபொருள் பயிரையும்விட அதிக நன்மை கிடைக்கும் என்று நம்புகிறேன்.

காட்டிலிருந்து அகற்ற வேண்டிய வாட்டிலும் உண்ணிச்செடியும்கூட எரிபொருள்தான். முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்ப அரசு ஏற்பாடு செய்தது. அதே போல, வெட்ட வேண்டிய அந்நிய மரத்தைக் கட்டியாக அழுத்தித் தேயிலைத் தொழிற்சாலைக் கொதிகலனுக்கோ, நொதி வழியில் எத்தனாலுக்கோ கொடுக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் முக்கியம்: வெட்டி முடித்த இடம் புல்வெளியாகத் திரும்ப வேண்டும். ஆலைக்குத் தொடர்ந்து மரம் வேண்டும் என்பதற்காகக் களையை வளர்க்கத் தொடங்கிவிடக் கூடாது.

அந்த இரண்டு ஏக்கருக்கு வருகிறேன். காபியைப் பிடுங்காதீர்கள். கவாத்து செய்து, நிழல் மரத்தில் மிளகு ஏற்றி, இடைவெளியில் வெண்ணெய்ப்பழம் வைப்பதுதான் ஆள் குறைவான தோட்டத்துக்குத் தோதான வழி. தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி. 1 வெண்ணெய்ப்பழ ரகம் உங்கள் உயரத்துக்கென்றே தேர்ந்தெடுத்தது. தாண்டிக்குடியிலேயே காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் அப்பாவையே அழைத்துக்கொண்டு போங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர்கள் தோட்டத்தில் நிற்கும் மரத்தைப் பார்த்தால் அவருக்கு நம்பிக்கை வரும்.

அதற்குப் பிறகும் அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் சில விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். தாய்ச்செடி 1,000 மீட்டருக்கு மேல் எந்த ஊரில், யார் காட்டில், எத்தனை வருடம் காய்த்தது. விளைச்சலை வாங்கப்போகும் ஆலை எங்கே, அது இப்போது ஓடுகிறதா, கிலோவுக்கு என்ன விலை, லாரி வாடகை யார் தலையில். மூன்றாம் வருடம் காய்க்காவிட்டால் நாற்றுப் பணம் திரும்பி வருமா. மரமாக எதை நடச் சொன்னாலும், 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வாங்க வேண்டும் என்பதை அவர்கள் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அந்த அனுமதிக்கு மனு போட்டு அலையப்போவது அவர்களா, உங்கள் அப்பாவா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.